ஆயிரத்து இருநூற்றைம்பதில் ஒரு பங்கு

அப்புத்தளைச் சந்தையில் வாங்கிய
நீலப் படங்குத் துண்டு.
கொழுந்துக்குப் போகிறவர்கள் இடுப்பில் கட்டுவது.
நான் கேமராவுக்குக் கட்டுகிறேன்,
மூக்கு மட்டும் வெளியே தெரிய
ஒரு ரப்பர் வளையம் போட்டு.

மூக்கின் நுனியில் ஒரு வெறுங்கண்ணாடி.
அடிபடுவது மட்டும்தான் அதன் வேலை.
"மூவாயிரம் உடைஞ்சா உடையட்டும் புள்ள,
மூணு லட்சம் தப்பும்"
என்று விற்றார் பண்டாரவளை இஸ்மத் நானா.
அந்த மூன்று லட்சத்தில்
இன்னும் பதினொரு தவணை பாக்கி.

ஏழாம் நம்பர் மலை.
கப்பாத்துக்கு ஆளில்லாமல்
தேயிலை மரமாகவே நிமிர்ந்துவிட்ட இடம்.
நடுநடுவே லொறி டயர், தார்ப் பீப்பாய்.
கொழும்பிலிருந்து ஒரு வங்கிக் கிளை முழுவதும்
வேனில் வந்து இறங்கி, வாந்தியெடுத்து,
சிவப்பும் நீலமுமாய்ப் பிரிந்து நிற்கிறது.

மாஷல் ருக்ஷான் மும்மொழியிலும் சொல்கிறான்:
முகமூடியைக் கழற்றாதே.
துவக்கு என்று சொல்லாதே, மார்க்கர் என்று சொல்.
பொலிசுக்குக் கொடுத்த கடிதத்திலும்
அப்படித்தான் இருக்கிறது.

எனக்குச் செம்மஞ்சள் அங்கி.
இவளைச் சுடாதே என்று அதற்கு அர்த்தம்.
உருண்டைகளுக்கு வாசிக்கத் தெரியாது.

பனி இறங்கினால் கேமரா தடுமாறும்,
ஆளை விட்டுவிட்டு
முன்னால் தொங்கும் சிலந்தி வலையைப் பிடிக்கும்.
அதனால் கையால் திருப்பி
டயரின் விளிம்பில் கண்ணை வைத்துவிட்டு
குந்தியிருக்கிறேன்.
ஓடுகிறவனைத் துரத்தாதே, ஓடிவந்து சேருமிடத்தில் இரு.
யாரும் சொல்லித் தந்ததல்ல,
நானூறு மங்கல் படங்கள் சொன்னது.

ஒரு நொடியை இரண்டாயிரமாய் நறுக்கி
அதில் ஒரு துண்டு தா என்கிறேன்.
இந்த வெளிச்சத்துக்கு
ஆயிரம்தான் கட்டும் என்கிறது வானம்.
பேரம்.
சரி, ஆயிரத்து இருநூற்றைம்பது.

மூன்றாம் ஆட்டம்.
மனேஜர் குலவீரசிங்கம் பீப்பாய்க்குப் பின்னால்.
இருபது நிமிடமாய் அவர் மேல் ஒரு பொட்டு இல்லை.
நீலம் சுடவில்லை, எதிரி.
சிவப்பும் சுடவில்லை, சம்பள உயர்வு மாதம்.
அவரும் அதைத் தன் சாமர்த்தியம் என்று நம்பி
மெதுவாக எழும்புகிறார்.

தேயிலை மரத்துக்குள்ளிருந்து
பியோன் ஆரோக்கியம்.

விரலை எடுக்கவில்லை நான்.
பதினொரு சொடுக்கு எண்ணினேன்.
நடுவில் எங்கேயோ ஒரு "சொரி சேர்" கேட்டது,
முகமூடிக்குள்ளிருந்து, சுட்ட பிறகா முன்னமா தெரியாது.
எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ
உலகமே மஞ்சள்.
அது யாருடைய உருண்டை என்றும் தெரியாது.

துடைக்கக் கூடாது. தேய்த்தால் மணலும் சேர்ந்து கீறும்.
குப்புறப் பிடித்துப் போத்தல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாய்.
வெறுங்கண்ணாடியில் ஒரு மயிர்க் கீறல்,
மூவாயிரம் போய்ச் சேர்ந்தது.
படங்கின் மடிப்பில், பட்டன் இடுக்கில்,
பின்பக்கச் சின்னத் திரையிலும்
மஞ்சள் கொழகொழ.
அப்படியே பைக்குள் வைத்து சிப்பை இழுத்தேன்,
சப்பாத்துப் பெட்டிகளில் பொறுக்கிய
ஈரம் குடிக்கும் பொட்டலங்களோடு.

கன்டீனுக்குள் ரொட்டிக்கல்லின் சூடு.
குளிரில் நின்ற கண்ணாடியை
இங்கே உடனே திறந்தால் உள்ளுக்குள்ளே வியர்க்கும்.
அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும்.

பிளேன்ரீ கோப்பையோடு மனேஜர் வந்தார்.
நெஞ்சில் ஒரு தட்டளவு மஞ்சள்.
"சட்டையக் கழுவினாப் போயிடும் தங்கச்சி.
படத்தைக் கழுவினா வந்திடும்.
அழிச்சுவிடும்" என்று சிரித்தார்,
சிரிப்பு முடிந்த பிறகும் நின்றார்.

அவர் போனதும் ஆரோக்கியம்,
கைகழுவப் போகிறவர் மாதிரி சுற்றி வந்து:
"ஒன்னே ஒன்னு கழுவித் தாங்க.
சின்ன சைஸ் போதும்.
வூட்ல மாட்ட மாட்டேன், சும்மா வச்சுக்குவேன்."

பையின் மேல் என் கை.
உள்ளே அது விழுந்திருக்கிறதா,
பதினொன்றும் டயர்தானா,
நானும் இன்னும் பார்க்கவில்லை.

இன்னும் பன்னிரண்டு நிமிடம் திறக்கக் கூடாது என்றேன்
இரண்டு பேரிடமும்.
அது உண்மையும்தான்.